குடிபெயரும் முன்: வாசகர் கேள்வி–பதில்

ஊர் மாறுவது பற்றி வந்த கடிதங்களில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறோம். பதில்கள் எந்த நகரத்துக்கும் பொருந்தும்படி எழுதப்பட்டவை. வாடகைச் சட்டமும் பள்ளிச் சேர்க்கை விதிகளும் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் அவற்றைப் போகும் ஊரில்தான் விசாரிக்க வேண்டும்.

கேள்வி: அடுத்த மாதம் புது வேலையில் சேர வேண்டும். நேரில் போய் வீடு தேட அவகாசமில்லை. இணையத்தில் பிடித்துப்போன வீட்டுக்கு முன்பணம் கட்டிவிடலாமா?

வேண்டாம். முதல் மூன்று, நான்கு வாரத்துக்குத் தற்காலிகமாக எங்காவது தங்குங்கள். நாள் வாடகையைப் பார்த்தால் அதிகமாகத்தான் தெரியும். ஆனால் ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒத்துவராத தெருவில் மாட்டிக்கொள்வதோடு ஒப்பிட்டால் அது சின்னத் தொகை.

அந்தத் தற்காலிக இடத்தை அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே பலர் எடுத்துவிடுகிறார்கள். அதில் பயனில்லை. நிரந்தரமாகக் குடியேற நினைக்கும் பகுதியில் எடுங்கள். காலையில் அங்கிருந்து கிளம்பிப் பார்த்தால்தான் அந்தப் பகுதி உங்களுக்குச் சரிப்படுமா என்று தெரியும். இரண்டு பகுதிகள் மனதில் இருந்தால் பாதி நாள் இங்கே, பாதி நாள் அங்கே என்று பிரித்துத் தங்கலாம்.

தொலைவிலிருந்தே முடிவெடுத்தாக வேண்டிய கட்டாயம் என்றால், வீட்டுக்காரர் அனுப்பும் காணொளியை நம்ப வேண்டாம். நேரலையில் அழைத்து, தெருமுனையிலிருந்து வீட்டு வாசல் வரை அழைப்பைத் துண்டிக்காமல் நடந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே போனதும் குழாயைத் திறக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு ஜன்னலுக்கும் வெளியே என்ன இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள், அலமாரிக் கதவுகளைத் திறந்து பின்சுவரைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் ஏதோ இருக்கிறது என்று பொருள்.

மோசடிக்கு முகங்கள் பல, அடையாளங்கள் சில. வாடகை சுற்றுவட்டத்தைவிட வெகுவாகக் குறைவாக இருக்கும். உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பதாகவும் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகவும் சொல்வார். வீட்டைப் பார்க்கவே கட்டணம் கேட்பார். இன்னும் மூன்று பேர் வரிசையில் நிற்பதாகவும் இன்று மாலைக்குள் பணம் வந்தாக வேண்டும் என்றும் அவசரப்படுத்துவார். விளம்பரத்தில் உள்ள படங்களைத் தேடுபொறியில் போட்டுத் தேடினால், அதே கூடம் வேறொரு ஊரில் வேறொரு விலையில் கிடைப்பது உண்டு. உரிமை ஆவணத்தில் உள்ள பெயரும் பணம் போகிற வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: வேலையிடத்துக்குப் பக்கத்தில் வாடகை அதிகம், தள்ளிப் போனால் பெரிய வீடே கிடைக்கிறது. எவ்வளவு தூரம் வரை போகலாம்?

கிலோமீட்டரை விடுங்கள், நிமிடத்தில் பேசுவோம். இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்கெட்டி 1994இல் எழுதிய ஒரு கட்டுரை போக்குவரத்து ஆய்வுகளில் அடிக்கடி எடுத்தாளப்படும். மனிதர்கள் சராசரியாக ஒரு நாளில் ஒரு மணி நேரத்தைத்தான் போக்குவரத்துக்கு ஒதுக்குகிறார்கள். வாகனம் வேகமானால் நேரத்தை மிச்சம் பிடிப்பதில்லை, இன்னும் தள்ளிக் குடிபோகிறார்கள் என்பது அதன் சாரம். போக அரை மணி, வர அரை மணி. அதற்கு மேல் போகும் ஒவ்வொரு நிமிடமும் தூக்கத்திலிருந்தோ வீட்டாரோடு இருக்கும் நேரத்திலிருந்தோதான் கழியும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். தள்ளியிருக்கும் வீட்டால் ஒரு வழிக்கு 35 நிமிடம் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 70 நிமிடம், மாதத்தில் 22 வேலை நாள் என்றால் 1,540 நிமிடம். 25 மணி நேரத்துக்கும் மேல். வாடகையில் மிச்சமாகும் தொகையிலிருந்து கூடுதல் பயணச் செலவைக் கழித்து, மீதியை அந்த 25 மணி நேரத்தால் வகுங்கள். உங்கள் ஒரு மணி நேரத்தை என்ன விலைக்கு விற்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும். அந்த விலை உங்களுக்குச் சம்மதம் என்றால் தாராளமாகத் தள்ளிப் போங்கள். அலோயிஸ் ஸ்டட்சர், புருனோ ஃப்ரை என்ற பொருளியலாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு, ஜெர்மனியின் தரவுகளைக் கொண்டு, நெடுநேரம் பயணிப்பவர்களின் வாழ்க்கைத் திருப்தி குறைவாகவே இருப்பதைக் காட்டியது. குறைந்த வாடகையும் கூடுதல் சம்பளமும் அதை ஈடுகட்டவில்லை. பெரிய வீடு சில மாதங்களில் பழகிவிடும், நெரிசல் பழகுவதில்லை.

நேரத்தை அளக்கும்போது வரைபடச் செயலி காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக் கதவைப் பூட்டும் நொடியிலிருந்து இருக்கையில் உட்காரும் வரை கணக்கு. ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமை, நீங்கள் வழக்கமாகப் போகப்போகும் அதே நேரத்தில், போகவும் வரவும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடு பார்க்கப் போய், இருபது நிமிடத்தில் வந்துவிட்டோம் என்று மகிழ்ந்தவர்கள்தான் திங்கட்கிழமை திணறுகிறார்கள். சராசரியைவிட முக்கியம் மோசமான நாள். 40 நிமிடத்தில் தவறாமல் கொண்டுசேர்க்கும் ரயில், ஒரு நாள் 25 நிமிடமும் இன்னொரு நாள் 70 நிமிடமும் எடுக்கும் சாலையைவிட மேல். ஏனென்றால் சாலையில் போகிறவர் தினமும் 70 நிமிடத்துக்கு முன்பாகத்தான் கிளம்ப வேண்டியிருக்கும்.

காத்திருப்பிலும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்றால் சராசரியாக ஐந்து நிமிடம் நிற்க வேண்டியிருக்கும் என்று நினைப்போம். இரண்டு வண்டிகள் ஒட்டிக்கொண்டே வந்துவிட்டு, அடுத்த ஜோடி இருபது நிமிடம் கழித்து வந்தால் அட்டவணைப்படி எண்ணிக்கை சரிதான். உங்கள் சராசரிக் காத்திருப்பு மட்டும் பத்து நிமிடமாகிவிடும். ஆகவே நிறுத்தத்தில் நீங்களே ஒரு அரை மணி நேரம் நின்று பார்ப்பது நல்லது. வண்டி மாறும் இடங்களையும் எண்ணுங்கள். ஒரு தடவை மாறுவது பரவாயில்லை. இரண்டு என்றால் ஏதாவது ஒன்று அடிக்கடி தவறும். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்றும் கேட்டுவையுங்கள்.

கேள்வி: வீடு பார்க்கப் போகும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? அறைகளைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம், குறைகள் குடிபோன பிறகுதான் தெரிகின்றன.

அறைகளைப் பார்ப்பதில் தவறில்லை, பார்க்கும் நேரம்தான் தவறு. பிடித்த வீட்டை இரண்டு முறையாவது பாருங்கள்: ஒரு முறை பகலில், ஒரு முறை இரவு பத்து மணிக்கு மேல் தெருவிலிருந்தாவது. கையில் அளவு நாடா, சின்ன டார்ச், கைபேசி, அதன் சார்ஜர் இருந்தால் போதும்.

தண்ணீரிலிருந்து தொடங்கலாம். எல்லோரும் குளிக்கும் காலை நேரத்தில் போய், பத்து லிட்டர் வாளியைக் குளியலறைக் குழாயில் வையுங்கள். ஒன்றேகால் நிமிடத்துக்குள் நிரம்பினால் நல்ல அழுத்தம். இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் நிமிடத்துக்கு ஐந்து லிட்டருக்கும் குறைவு; ஷவரில் குளிப்பது பொறுமையைச் சோதிக்கும். வாளி நிரம்பும்போதே சமையலறைக் குழாயையும் திறந்து, கழிப்பறைத் தொட்டியையும் ஒரு முறை இழுத்துவிடுங்கள். அழுத்தம் அப்படியே சரிந்தால் குழாய்கள் சிறியவை அல்லது உள்ளே உப்புப் படிந்து அடைத்திருக்கின்றன. பிறகு நிரப்பிய வாளியைத் தரையில் கொட்டி, எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பாருங்கள். வடிகால் ஓட்டையைத் தாண்டி ஓடித் தேங்கினால் தரைச் சரிவு தவறு; அதை யாரும் சரிசெய்து தர மாட்டார்கள். கழிவுநீர் வாடை வந்தால் உடனே பயப்பட வேண்டாம். பூட்டிக் கிடந்த வீட்டில் வடிகாலின் வளைவில் நிற்க வேண்டிய நீர் வற்றிப்போய் வாடை மேலே வரும். தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் கழித்தும் வாடை இருந்தால்தான் கோளாறு.

அடுத்தது ஈரம். கறை எங்கே, எந்த வடிவில் இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் வரை, மேல்விளிம்பில் வெள்ளை உப்புப் பூத்திருந்தால் அது நிலத்திலிருந்து ஏறும் ஈரம். மேற்கூரையில் பழுப்பு வளையம் என்றால் மேலே குழாயோ மாடித் தளமோ ஒழுகுகிறது. அறை மூலைகளிலும் அலமாரிக்குப் பின்னாலும் கருப்புப் புள்ளிகள் தெரிந்தால், உள்ளே உண்டாகும் நீராவி வெளியேற வழியில்லாமல் குளிர்ந்த சுவரில் படிகிறது. காற்றோட்டம் கொடுத்தால் சரியாகும். முதல் இரண்டுக்கும் கட்டட வேலை தேவை. ஒரே ஒரு சுவர் மட்டும் புதிதாக வெள்ளையடிக்கப்பட்டிருந்தால் அந்தச் சுவரைத்தான் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். மழை பெய்த மறுநாள் வீடு பார்க்க வாய்த்தால் அதைவிட நல்ல நாள் இல்லை. தரைத்தளம் என்றால் சுற்றுச்சுவரில் பழைய வெள்ளக்கோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள். வீட்டு உரிமையாளர் சொல்லாததை அவர் சொல்வார்.

இரைச்சலுக்கு வருவோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018இல் தந்த வழிகாட்டுதல்படி, சாலை இரைச்சல் இரவில் வீட்டுக்கு வெளியே சராசரியாக 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும். பெரிய நகரங்களின் பிரதான சாலைகளில் இது கனவுதான். கைபேசிச் செயலிகள் துல்லியமாக அளக்காது என்றாலும் இரண்டு வீடுகளை ஒப்பிட உதவும். தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் சராசரி இரைச்சல் அல்ல, திடீர்ச் சத்தம். படுக்கையறைக்கு அடுத்த சுவரில் லிஃப்ட் மோட்டார் இருக்கிறதா, கீழே தண்ணீர் பம்ப் எத்தனை மணிக்கு ஓடும், ஜன்னலுக்கு எதிரே கடை ஷட்டரை எப்போது தூக்குகிறார்கள், உணவகத்தின் புகைபோக்கி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். சாலை முக்கில் சிக்னல் இருந்தால் வண்டிகள் நின்று கிளம்பும் உறுமல் இரவெல்லாம் கேட்கும். அங்கிருந்து ஐம்பது, நூறு மீட்டர் தள்ளிப் போனாலே வித்தியாசம் தெரியும்.

வெப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மேற்குச் சுவர் மாலை வெயிலை வாங்கிச் சேமித்து, நீங்கள் படுக்கப்போகும் நேரத்தில் திருப்பித் தரும். கடைசி மாடியில் மேற்கூரையும் அதையே செய்யும். நகரங்களே இந்தக் குணம் கொண்டவைதாம். லண்டனின் இரவுகள் சுற்றியுள்ள நாட்டுப்புறத்தைவிட வெம்மையானவை என்று லூக் ஹோவர்ட் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அளந்து எழுதிவிட்டார். கைபேசியின் திசைகாட்டியைத் திறந்து, படுக்கையறை எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெப்பமான ஊரென்றால் மேற்கைத் தவிர்க்கலாம். குளிரான ஊரில் அதே சுவர் வரம்.

கிளம்பும் முன், உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவருக்கு அழைத்துப் பேசுங்கள். சார்ஜரைச் செருகி ஒவ்வொரு மின்செருகியையும் சோதியுங்கள். வாசல், லிஃப்ட், மாடிப்படித் திருப்பம் மூன்றின் அகலத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வாசலில் நுழையும் சோபா, படித் திருப்பத்தில் மாட்டிக்கொள்வது அன்றாடம் நடப்பதுதான்.

கேள்வி: முன்பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும் போராட்டமாக இருக்கிறது. முதலிலேயே என்ன செய்யலாம்?

சாவி வாங்கும் நாளில், ஒரு சாமான்கூட உள்ளே போகும் முன், ஒவ்வொரு அறையையும் ஒரு மூலையில் தொடங்கி வலமாகச் சுற்றிக் காணொளி எடுங்கள். கீறல், விரிசல், உடைந்த ஓடு, கழன்ற கைப்பிடி ஆகியவற்றைக் கிட்டத்தில் தனிப்படமாக எடுங்கள். மின்சார, தண்ணீர் மீட்டர்களின் அளவும் வேண்டும். அத்தனையையும் அன்றைக்கே உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, கிடைத்தது என்று ஒரு வரி பதில் வாங்கிவிடுங்கள். கைபேசியிலேயே கிடக்கும் படத்தைவிட, தேதியோடு அனுப்பிய மின்னஞ்சல் வலுவான சாட்சி.

ஒப்பந்தத்தில் ஐந்து விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும்: இடையில் காலி செய்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, குறைந்தபட்சம் எத்தனை மாதம் இருந்தாக வேண்டும், வாடகை எப்போது எவ்வளவு ஏறும், எந்தப் பழுது யார் செலவு, காலி செய்தபின் எத்தனை நாளில் முன்பணம் திரும்பும். வெள்ளையடிக்கப் பிடித்துக்கொள்வார்கள் என்றால் அந்தத் தொகையையும் இப்போதே எழுதச் சொல்லுங்கள். “அதெல்லாம் பார்த்துக்கலாம்” என்பவர் நல்லவராகவே இருக்கலாம். நீங்கள் காலி செய்யும் நாளில் வீடு அவர் பிள்ளையின் பொறுப்பில் இருக்கலாம்.

கேள்வி: எல்லாச் சாமானையும் கொண்டுபோவதா, விற்றுவிட்டு அங்கே வாங்குவதா? குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் லாரியில் கெட்டுவிடும் என்கிறார்களே?

ஒவ்வொரு பெரிய பொருளுக்கும் ஒரே கேள்வி: இதே நிலையில் பழையது ஒன்றை அங்கே வாங்க ஆகும் செலவு, இதைக் கொண்டுபோகும் செலவைவிடக் குறைவா? ஒட்டுப்பலகை அலமாரிகளை ஒரு முறை கழற்றி மாட்டினால் திருகு பிடிக்கும் ஓட்டைகள் தளர்ந்துவிடும். இரண்டாவது முறை தாங்காது. அவற்றை விற்றுவிடலாம். கட்டில், மேசை நல்ல மரம் என்றால் கொண்டுபோங்கள். நாடு விட்டு நாடு போகிறவர்கள் மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்திலிருந்து 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் இடத்துக்குப் போனால் மின்மாற்றி வோல்ட்டை மட்டும்தான் மாற்றும். அதிர்வெண் அப்படியே இருக்கும். பழைய வகை மோட்டார் உள்ள கருவிகள் அதில் வேகம் மாறிச் சூடாகும். மடிக்கணினி, கைபேசி சார்ஜர்களில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை.

இந்தக் கருவிகள் கெடுவதற்கு லாரி காரணமல்ல, தயார் செய்யாமல் ஏற்றுவதுதான். குளிர்சாதனப் பெட்டியை முந்தைய நாளே நிறுத்தி, பனி முழுக்கக் கரைந்து, பின்னால் உள்ள தட்டில் தேங்கும் நீரையும் கொட்டித் துடைத்துக் காயவிடுங்கள். நிமிர்ந்த நிலையிலேயே ஏற்ற வேண்டும். படுக்கவைத்தால் கம்ப்ரஸரின் எண்ணெய் குளிர்க்குழாய்களுக்குள் போய்விடும். உடனே இயக்கினால் கம்ப்ரஸர் எண்ணெயில்லாமல் ஓடித் தேயும். படுக்கவைத்தே தீர வேண்டியிருந்தால் இறக்கியபின் ஒரு நாள் நிமிர்த்தி வைத்துவிட்டு இயக்குங்கள். முன்பக்கம் கதவுள்ள சலவை இயந்திரத்துக்கு வாங்கும்போதே பின்பக்கத்தில் மூன்று, நான்கு நீண்ட போல்ட்டுகள் இருந்திருக்கும். டிரம் ஆடாமல் பிடிக்க அவைதான். பெரும்பாலானோர் தூக்கிப் போட்டிருப்பார்கள். உங்கள் மாடலுக்கு ஏற்றதை வாங்கி மாட்டிவிட்டு ஏற்றுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு குழியிலும் டிரம் குலுங்கித் தாங்கும் ஸ்பிரிங்குகளை அறுக்கும். போன இடத்தில் அவற்றைக் கழற்ற மறந்து இயக்குவது அதைவிட மோசம். இயந்திரமே தரையில் குதிக்கும்.

பெட்டி கட்டும்போது புத்தகத்துக்குச் சிறிய அட்டைப்பெட்டி, தலையணைக்குப் பெரியது. எந்தப் பெட்டியும் 15 கிலோவுக்கு மேல் வேண்டாம். அடிப்பக்கம் பிய்வதும் தூக்குபவர் கைவிடுவதும் அதற்கு மேல்தான். தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி வையுங்கள், அதிர்ச்சியைத் தாங்கும். பெட்டியின் மேல்பக்கம் எழுதினால் அடுக்கியபின் தெரியாது, பக்கத்தில் எழுதுங்கள்: எண், மொத்தம், எந்த அறை. “7/32, சமையலறை” என்றால் இறக்கும்போது எண்ணிச் சரிபார்க்கலாம். தொலைக்காட்சிக்குப் பின்னால் உள்ள வயர்களைக் கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எரிவாயு சிலிண்டர், பெயின்ட், அமிலம் உள்ள பேட்டரி ஆகியவற்றை மற்றச் சாமான்களோடு ஏற்றக் கூடாது.

சான்றிதழ், நகை, மருந்து, மடிக்கணினி எல்லாம் உங்கள் கையோடு வரட்டும். முதல் இரவுக்கு ஒரு தனிப்பெட்டி கட்டி லாரியில் கடைசியாக ஏற்றுங்கள், அதுதான் முதலில் இறங்கும். போர்வை, துண்டு, மாற்றுடை, பல்துலக்கி, கைபேசி சார்ஜர், பல்பு இரண்டு, திருப்புளி, கத்தரி, குப்பைப் பை, கழிப்பறைக்கு வாளியும் குவளையும் அதில் இருக்க வேண்டும்.

சாமான் ஏற்றிச்செல்லும் நிறுவனம் நேரிலோ காணொளியிலோ சாமான்களைப் பார்த்த பிறகு தரும் எழுத்துவழி விலைதான் விலை. தொலைபேசியில் சொன்ன தொகை, பாதி ஏற்றியபின் ஏறும். காப்பீட்டில் ஒரு நுணுக்கம்: நீங்களே கட்டிய பெட்டிக்குள் உடைந்தவற்றுக்குப் பல காப்பீடுகள் பொறுப்பேற்பதில்லை. உடையக்கூடியவற்றை மட்டுமாவது அவர்களைக் கட்டவிடுங்கள்.

கேள்வி: மகளுக்கு ஆஸ்துமா. பெரிய நகரத்தின் காற்று ஒத்துக்கொள்ளுமா?

நகரத்துக்குள்ளேயே தெருவுக்குத் தெரு காற்று மாறும். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த அளவு, பிஎம் 2.5 எனும் நுண்துகள் ஆண்டுச் சராசரியில் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம், ஒரு நாள் சராசரியில் 15. பெரும்பாலான நகரங்கள் இதைத் தாண்டியவை. ஆகவே ஒப்பிட்டுத் தேர்ந்தெடுப்பதுதான் நடைமுறை. அருகிலுள்ள அளவீட்டு நிலையத்தின் ஓராண்டுத் தரவைப் பாருங்கள். நீங்கள் போன அன்று காட்டிய எண்ணை வைத்து முடிவெடுக்கக் கூடாது, மோசமான மாதங்கள் எவை என்பதே முக்கியம். போக்குவரத்துப் புகை பிரதான சாலையை ஒட்டிய முதல் சில நூறு மீட்டரில்தான் அடர்த்தி. உள்தெரு வீடு, சாலையைப் பாராத படுக்கையறை என்று தேடுங்கள். பக்கத்தில் கட்டடம் எழுந்துகொண்டிருந்தால் தவிர்த்துவிடுங்கள்; அந்தத் தூசி இரண்டு வருடத்துக்கு ஓயாது. பூஞ்சை பூத்த சுவரும் ஆஸ்துமாவைத் தூண்டும் என்பதால் ஈரத்தைப் பற்றி மேலே சொன்னது உங்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். பழைய மருத்துவரிடம் ஒரு பக்கச் சுருக்கமும், இரண்டு மாத மருந்தும் வாங்கிக்கொண்டே கிளம்புங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. தனியாக விட மனமில்லை, அழைத்துப் போகிறோம். புது இடத்தில் அவர் திணறுவாரோ என்று கவலை.

முதலில் அவரிடம் கேட்டீர்களா? கேட்டு, சம்மதித்து வருபவருக்கும் சாமானோடு சாமானாக வந்து சேர்பவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. முடிந்தால் வீட்டை முடிவுசெய்யும் முன் ஒரு வாரம் அழைத்துவந்து தங்கவையுங்கள்.

லிஃப்ட் இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல், அது பழுதானால் எத்தனை படி என்று எண்ணுங்கள். இரண்டு மாடிக்கு மேல் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. நடந்துபோகும் தூரத்தில் உட்கார ஒரு பெஞ்சு, ஒரு மருந்துக்கடை, சிக்னல் இல்லாத பெரிய சாலையைக் கடக்காமல் போக ஓரிடம் இவை இருந்தால் அவர் வெளியே போவார். இல்லாவிட்டால் நான்கு சுவர்தான்.

வீட்டுக்குள் அவர் அறையை முதலில் முடித்துவிடுங்கள். பழைய கட்டிலையும் நாற்காலியையும் புதிதாக மாற்றாதீர்கள். கட்டிலின் எந்தப் பக்கமாக இறங்கிப் பழகினாரோ அதே பக்கம் இங்கும் காலியாக இருக்கட்டும். விளக்கு சுவிட்ச் அதே கைக்கு எட்டட்டும். இரவில் எழுந்து பழைய வீட்டின் திசையில் நடப்பதால்தான் முதல் வாரங்களில் விழுகிறார்கள். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை சிறு இரவு விளக்குகள், கழிப்பறையில் சுவரோடு திருகிய கைப்பிடி இரண்டும் முதல் நாளே தயாராக இருக்க வேண்டும். சில நாள் குழப்பம் இயல்பு. வாரக்கணக்கில் நீடித்தாலோ திடீரென அதிகமானாலோ இடமாற்றத்தின் மேல் பழிபோடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பள்ளியாண்டின் நடுவில் பிள்ளைகளை மாற்றலாமா?

தேர்வு ஆண்டு என்றால் ஒருவர் முன்னால் போய் மற்றவர்கள் ஆண்டு முடிந்து வருவதே மேல். மற்ற வகுப்புகளுக்கு நடுவில் சேர்வது ஒன்றும் பாவமில்லை. பள்ளியில் இடம் உறுதியான பிறகு வீட்டைத் தேடுங்கள். வரிசை மாறினால் பிள்ளை தினம் ஒரு மணி நேரம் வண்டியில் கழிக்க வேண்டிவரும்.

கேள்வி: வந்து நான்கு மாதமாகிறது. அலுவலகம், வீடு, திரும்ப அலுவலகம். பேச ஆளில்லை. ஊர் சரியில்லையா, நான் சரியில்லையா?

நான்கு மாதம் என்பது நட்புக்குக் குறைவான காலம். கேன்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வு, புது இடத்துக்கு வந்தவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் கவனித்தது. பழக்கம் என்ற நிலையிலிருந்து சாதாரண நட்பாக ஏறக்குறைய 50 மணி நேரமும், நட்பு என்று சொல்லிக்கொள்ள 90 மணி நேரமும், நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து செலவழிக்க வேண்டியிருக்கிறது. வேலை செய்யும் இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்த மணிகள் அவ்வளவாகக் கணக்கில் வருவதில்லை. சும்மா இருந்த மணிகள்தான் வருகின்றன.

இதைத் திருப்பிப் படித்தால் வழி கிடைக்கும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒரே ஆட்களைச் சந்தித்தால் 50 மணி நேரம் சேர ஆறு மாதம். ஆகவே ஒவ்வொரு வாரமும் புதுப்புது நிகழ்ச்சிக்குப் போவது வீண். ஒரே இடம், ஒரே கிழமை, ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: நீச்சல், இசை வகுப்பு, நூலகத்து வாசிப்புக் குழு, வார இறுதி இறகுப்பந்து, எதுவானாலும் சரி. மூன்றாவது வாரத்தில் முகம் பழகும். ஆறாவது வாரத்தில் ஒருவரை வெளியே அழைக்க நீங்களே முந்திக்கொள்ள வேண்டும். பழைய ஊர் நண்பர்களோடு தினமும் இரண்டு மணி நேரம் பேசுவது ஆறுதல்தான், ஆனால் அந்த இரண்டு மணி நேரம் இங்கிருந்துதான் போகிறது. வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்துப் பாருங்கள்.

உறக்கமும் பசியும் சில வாரங்களாகக் கெட்டிருந்தால் இதெல்லாம் போதாது. மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: கையில் எவ்வளவு பணம் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்?

முன்பணம், முதல் மாத வாடகை, லாரிச் செலவு, தற்காலிகத் தங்கல், பழைய வீடும் புது வீடும் ஒரே நேரத்தில் கையில் இருக்கும் ஒரு வாரத்தின் வாடகை, இவை போக மூன்று மாத வீட்டுச் செலவு. முதல் சம்பளம் பலருக்கு எதிர்பார்த்ததைவிடப் பிந்தித்தான் வரும், அதுவும் பாதி மாதத்துக்கு. திரைச்சீலை, அதன் கம்பி, பல்பு, பூட்டு, மின்நீட்டிப்பு, இணைய இணைப்புக் கட்டணம் என்று சில்லறையாகப் போவதைக் கூட்டினால் முதல் மாதத்தில் ஒரு வாடகைத் தொகையை நெருங்கிவிடும். வரிசையாக வாங்காமல், ஒரு மாதம் புழங்கிப் பார்த்து வாங்கினால் அதில் பாதி தேவைப்படாது.

கேள்வி: முகவரியை எங்கெங்கே, எந்த வரிசையில் மாற்ற வேண்டும்?

முகவரிக்குச் சான்று தரும் ஆவணம்தான் முதலில்: பதிவுசெய்த ஒப்பந்தம் அல்லது உங்கள் பெயரில் வரும் மின்கட்டண ரசீது, ஊரின் விதி எதுவோ அது. அதைக் கொண்டு அடையாள ஆவணம், பிறகு வங்கி, காப்பீடு, வரி, வாகனம், வேலையிடம். அஞ்சலகத்தில் பழைய முகவரிக்கு வரும் கடிதங்களைப் புது முகவரிக்குத் திருப்பிவிடும் வசதி இருந்தால் எழுதிக் கொடுங்கள். பழைய பக்கத்து வீட்டாரிடமும் சொல்லிவையுங்கள்.

பலரும் சிக்கிக்கொள்வது கைபேசி எண்ணில். புது எண் வாங்கியதும் பழைய சிம்மைக் கைவிட்டுவிடுவார்கள். வங்கியில் எண்ணை மாற்றப் போனால் ரகசியக் குறியீடு அந்தப் பழைய எண்ணுக்குத்தான் போகும். ரீசார்ஜ் இல்லாமல் அது அணைந்திருந்தால் கிளைக்கு நேரில் போக வேண்டும், கிளையோ பழைய ஊரில். வங்கி, மின்னஞ்சல், வரிக் கணக்கு, முதலீடு எல்லாவற்றிலும் எண் மாறி, ஒவ்வொன்றிலும் ஒரு முறை புது எண்ணைக் கொண்டு உள்ளே நுழைந்து பார்க்கும் வரை பழைய சிம்மை உயிரோடு வைத்திருங்கள். ஆறு மாதம் என்று வைத்துக்கொண்டால் தவறாது.